எங்கட தகடு

"விச் வீ?", அதாவது எந்த நாங்கள், என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டால் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். சிரித்து மழுப்ப முடியாது. கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

பாபடோயிட்டோயில் நான் வேலை பார்த்த கராஜுக்கு அவர் முதன்முதலாக வந்த நாளில் அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர் எங்கள் முதலாளி. முதலாளி பீஜிக்காரர். பாட்டன் தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர் என்பதால் தன்னையும் தமிழர் என்றே சொல்லிக்கொள்வார். கைவசம் இருந்த தமிழ் 'வா, போ, சோறு, சாமி' அவ்வளவுதான். வருகிற எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நாங்கள் வடிவாப் பாத்துத் தருவம்."

"விச் வீ?"

முதலாளி விழித்தார்.

"நாங்கள் எண்டால் ஆர்? நீரும் அந்தா நிக்கிற மனிசனுமோ? இல்லாட்டி என்னையும் சேர்த்தோ? என்னையும் சேர்த்தெண்டால் நானும் வண்டிக்குக் கீழ படுக்கவேணும். சொல்லும், உடுப்பு மாத்திக்கொண்டு வாறன்."

"நானும் இவரும்" என்று முதலாளி என்னைக் காட்டினார்.

"அப்ப சரி" என்று கதிரையில் உட்கார்ந்தார்.

அவரும் முதலாளியும் பேசியது ஆங்கிலம். ஆனால் என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள், அதனால் அப்படியே பேச விடுகிறேன். தெரிந்தால் அவர் கோபிக்க மாட்டார். சந்தோஷப்படவே செய்வார்.

அவர் இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண்மணி. வீடு மங்கரேயில், விமான நிலையத்துக்குக் கிட்ட. அவருடைய இனக்குழுவின் நிலம் வடக்கே, சில மணி நேர ஓட்டத்தில் இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை, பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதும் இல்லை. எல்லோருக்கும் அவர் 'ஃபையா'. அவர்கள் மொழியில் தாய்க்கும், தாயைப் போல் மதிக்கிற எந்தப் பெண்ணுக்கும் உரிய சொல் அது. எனக்கும் ஃபையாதான்.

என் வேலை வாரண்ட் கொடுப்பது. இந்த நாட்டில் வாரண்ட் என்றால் வாகனம் தெருவில் ஓடத் தகுதியானது என்று பரிசோதித்துத் தரும் சான்று. என் மாமியார் முதல்தரம் வந்திருந்தபோது, 'மருமகன் நாள் முழுக்க வாரண்ட் குடுக்கிறார்' என்று மனைவி பெருமையாகச் சொன்னதைக் கேட்டு, நான் பொலிஸில் சேர்ந்துவிட்டேன் என்று ஊருக்கு போன் எடுத்து அழுதார். பெயர்தான் பயங்கரம். வேலை என்னவோ பிரேக்கைப் பார்ப்பது, டயரைப் பார்ப்பது, துருவைத் தட்டிப் பார்ப்பதுதான்.

மற்ற வாடிக்கையாளர்கள் வண்டியை விட்டுவிட்டு எதிரில் உள்ள டெய்ரி என்கிற மூலைக்கடைக்குப் போய் ஏதாவது குடித்துவிட்டு வருவார்கள். ஃபையா போகமாட்டார். வாடிக்கையாளர் தாண்டக்கூடாத மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, நான் செய்வது ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினால் வண்டிக்கு ஆறுதல் சொல்வார். "கொஞ்சம் பொறுத்துக்கொள் ராசாத்தி, முடிஞ்சுது." பிறகு என்னிடம், "அவளுக்கு அந்த இடம் நோகும், மெதுவாத் தட்டும்" என்பார். அது பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய பழைய வெள்ளை வான். மங்கரேப் பக்கம் சிதறிக் கிடக்கும் தன் ஆட்களில் சிறுநீரகம் பழுதான முதியவர்களை வீடு வீடாக ஏற்றி, டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்ப் பிறகு கூட்டிவருவது அவர் வேலை. சம்பளம் இல்லை. கேட்டால், "மாமாவைக் கூட்டிக்கொண்டு போறதுக்கு நீர் சம்பளம் வாங்குவீரோ?" என்பார்.

அந்த 'விச் வீ' எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்டேன். அவர்கள் மொழியில் ஆங்கில 'வீ'க்கு ஒரு சொல் போதாதாம். கேட்கிற ஆளை வெளியே விட்டுச் சொன்னால் 'மாத்தோ'. கேட்கிற ஆளையும் சேர்த்துச் சொன்னால் 'தாத்தோ'.

"இங்கிலீசுக்காரரிட்ட ஒண்டுதான் இருக்கு. அந்த ஒண்டை வைச்சுத்தான் எங்கட காணி போனது. 'இந்த நாட்டை நாங்கள் வடிவா நடத்துவம்' எண்டு வந்து சொல்லிச்சினம். எல்லாரும் சேர்ந்தாக்கும் எண்டு எங்கட ஆக்கள் தலையாட்டிச்சினம். அவையளின்ர நாங்கள் அவையள் மட்டும். அண்டைக்கு ஒருத்தராவது விச் வீ எண்டு கேட்டிருக்கவேணும். அவை கேக்கேல்லை, அதான் நான் கேக்கிறன்."

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஃபையா, எங்கட தமிழிலயும் ரெண்டு இருக்கு. நாம் எண்டால் நீங்களும் சேர்த்தி. நாங்கள் எண்டால் நீங்கள் இல்லை" என்றேன். அவர் என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இலக்கணத்துக்காக ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை. பள்ளியில் தமிழ்ப் பாடத்தில் எனக்குக் கிடைக்காத பாராட்டு அன்று கராஜில் கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி காரோடு வந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு, "வாரும், நாங்கள் போவம்" என்றேன்.

ஃபையாவின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "நாங்கள் எண்டு சொன்னீர். அப்ப மனிசி வரேல்லையோ?"

என்ன சொல்வது? யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்'தான். 'நாம்' புத்தகத்திலும் மேடையிலும் இருக்கிறது, வாயில் இல்லை. மனைவிக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இவர் வீட்டில நாம் எண்டு சொன்னாரெண்டால் காய்ச்சலாக்கும் எண்டு தொட்டுப் பாப்பன்" என்றார் ஃபையாவிடம்.

"நல்ல சொல்லொண்டை வைச்சுக்கொண்டு பாவியாமல் விட்டிருக்கிறியள்" என்றார் ஃபையா. உண்மையாகவே மனவருத்தத்தோடு சொன்னார்.

ஒருமுறை மங்கரேயில் வட்டாரக் கூட்டம் ஒன்று நடந்தது. கனரக லாரிகள் வீட்டு வாசல்களால் ஓடுவது பற்றி. அதிகாரி ஒருவர் எழுந்து, நகரம் வளர வேண்டுமென்றால் நாம் எல்லோரும் கொஞ்சம் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று இதமாகப் பேசினார். பின் வரிசையிலிருந்து "விச் வீ?" வந்தது. அதோடு நிற்கவில்லை. "உம்மட வீடு எங்க?" அதிகாரியின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தது. லாரிகளின் பாதை மாறவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் 'வீ' என்ற சொல்லை யோசிக்காமல் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தகட்டுக்கு வருகிறேன்.

அவருடைய ஆட்கள் வடக்கே கூடிப் பேசி, தங்கள் வண்டிகளுக்குத் தங்கள் தகடு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அரசாங்கத்தின் இலக்கத் தகட்டைக் கழற்றுவதாக இல்லை. அதற்கு மேலே இன்னொன்று. ஃபையாவிடம் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. "அந்தக் காலத்தில இங்கிலீசுக்காரரோட எழுதின உடன்படிக்கையில கையெழுத்து வைச்சது ரெண்டு பக்கம். அப்ப வண்டியிலயும் ரெண்டு தகடு இருக்கிறதுதானே முறை? அவையளின்ரயும் இருக்கட்டும். எனக்கு அவையளோட கோபமில்லை."

முறைப்படி கேட்டுப் பார்ப்போம் என்று வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனும் எடுத்திருக்கிறார். எதிர்முனையில் இருந்த பிள்ளை நல்ல மரியாதையாக ஒரு வழி சொன்னதாம். விரும்பிய எழுத்துகளில் தகடு வாங்கலாம், இனக்குழுவின் பெயரையே போடலாம், காசு கட்டினால் சரி. "என்ர பேரை எனக்கே விக்கிறியோ மோனை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதை நடித்துக் காட்டும்போது அந்தப் பிள்ளையின் குரலையும் அப்படியே எடுப்பார்.

புதிய தகட்டோடு வான் எங்கள் கராஜுக்கு வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. பின்கதவில், அரசாங்கத் தகட்டுக்கு நேர் மேலே, அதே நீளம், அதே அகலம். கறுப்பு நிலம், சிவப்புக் கரை, வெள்ளை எழுத்து. எண் எதுவும் இல்லை. 'நோ மாத்தோ' என்று எழுதியிருந்தது. 'நோ'வைப் பார்த்ததும் ஏதோ வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் மொழியில் 'நோ' என்றால் உரியது.

"கேட்கிற உமக்கில்லை, எங்களுக்கு உரியது. தமிழில எப்பிடிச் சொல்லுவீர்?"

"எங்கட" என்றேன்.

"எங்கட" என்று சொல்லிப் பார்த்தார். ஒரே சொல்லில் அடங்கியது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு கராஜுக்கு வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே வானைக் காட்டி "எங்கட!" என்று கத்திக்கொண்டுதான் வருவார். 'ட' மட்டும் கடைசிவரை சரியாக வரவில்லை.

நான் வானைப் பரிசோதித்தேன். பிரேக் சரி, டயர் சரி, விளக்கு சரி. தகட்டின் மூலைகள் மட்டும் வெட்டியபடியே விட்டதில் கத்தி போல் இருந்தன. பின்கதவைத் திறக்கிற முதியவர் ஒருவரின் கையைக் கிழித்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரான எதையும் விடக்கூடாது என்பது எங்கள் விதி. பரிசோதனைத் தாளில் எழுதினேன்: 'பின்புற இனத் தகடு, மூலைகள் கூர். தேய்த்துக்கொண்டு வரவும்.' ஃபெயில்.

முதலாளி பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தகடெண்டு ஏன் எழுதினாய்? ஏதோ ஒரு பொருள் ஒட்டிக்கிடக்கு எண்டு எழுதியிருக்கலாமே. தகடெண்டால் தகடெண்டு ஆகிடுமெல்லோ?"

அவர் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. நான் வன்னியில் இருந்தவன். அங்கே இயக்கத்தின் ஆட்சி நடந்த காலத்தில் எங்கள் வண்டிகளில் வேறு தகடு இருந்தது. என் அண்ணனின் மோட்டார் சைக்கிளிலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பார். சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் அது தகடு, அந்தப் பக்கம் வெறும் தகரம். அந்தக் காலத்தைப் பற்றி எனக்குள் பெருமையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இங்கே அதை விரிக்கப் போவதில்லை. ஒன்றுதான் சொல்ல வருகிறேன். வேறு ஆட்களின் தகட்டைக் கண்டால் அதுவும் தகடு என்றுதான் என் கண் எடுத்துக்கொள்ளும். வேறு விதமாகப் பார்க்க அதற்குத் தெரியாது.

ஃபையா தாளை வாசித்தார். இரண்டாம் தரம் வாசித்தார். ஏச்சு வரப்போகிறது என்று நான் ஆயத்தமாக நின்றேன். அவர் கிட்ட வந்து, என் தோளைப் பிடித்து, நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் ஒற்றினார். அது அவர்களுடைய வணக்கம் என்று தெரியும். ஆனால் கராஜில், வாடிக்கையாளர் முன்னால், ஃபெயில் போட்டதற்காக அது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"அரசாங்கத்தின்ர அதிகாரத்தில வேலை செய்யிற ஒரு ஆள் இதைத் தகடெண்டு எழுதியிருக்கிறார்" என்று முதலாளியிடம் சொன்னார். "தகடில்லாட்டி ஃபெயில் பண்ண ஏலுமோ?"

அடுத்த நாள் மூலைகளை உருட்டித் தேய்த்துக்கொண்டு வந்தார். நான் விரலால் தடவிப் பார்த்து வாரண்ட் கொடுத்தேன். ஃபெயில் தாளை அவர் திருப்பித் தரவில்லை. வடக்கே அவர்களுடைய மண்டபத்தில், முன்னோர்களின் படங்களுக்குக் கீழே, அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பாஸான தாள் எங்கே போனதென்று தெரியாது.

சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் பொலிஸ் மறித்தது. மறித்தவர் இளம் அதிகாரி, பக்கத்துத் தீவு நாடொன்றின் வழி வந்தவர். முதியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார் என்று ஃபையாவே சொன்னார்.

"இதில நம்பர் இல்லையே அன்ரி" என்றாராம்.

"எங்கட ஆக்களை நாங்கள் எண்ணி அடுக்கிறேல்லை."

தண்டம் எழுதினார். இன்னொருமுறை அதே தகட்டோடு கண்டால் வானையே தெருவில் ஓடக்கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிவரும் என்றும் சொன்னார். ஃபையா தண்டத்தைக் கட்டாமல், கோர்ட்டுக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார்.

அங்கேதான் பிரச்சினை பெரிதானது. வான் நின்றால் முதியவர்களின் சிகிச்சை நிற்கும். ஃபையாவின் தம்பியும் அந்த வானில் போகிறவர்களில் ஒருவர். அக்காவைப் போல் பேச்சுக்காரர் இல்லை, மெலிந்து கறுத்த, சாதுவான மனிதர். கராஜ் வாசலில் வைத்து என் முன்னாலேயே சொன்னார், "அக்கா, தகடு இல்லாமலும் என்ர ரத்தம் சுத்தமாகும். வான் இல்லாமல் ஆகாது."

ஃபையா வானின் கதவைத் திறந்து, தம்பியின் கையைப் பிடித்து ஏற்றி, இருக்கைப் பட்டியைப் பூட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். வழக்கமாக மூலை திரும்புவதற்கு வெகு முன்னாலேயே சிக்னல் போடுகிறவர், அன்று போடாமல் திரும்பினார். அவருக்குப் பயம் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கோர்ட்டுக்கு என்னைச் சாட்சியாக வரச் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. முதலாளிதான் சொன்னார். "அலங்காரம் எண்டு சொல்லு. நான் விசாரிச்சுப் பாத்தன், அலங்காரம் எண்டால் விட்டுடுவினமாம். மனிசிக்கும் நல்லது, கிழடுகளுக்கும் நல்லது. உன்ர இன்ஸ்பெக்டர் வேலையிலயும் ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்."

சின்ன அறை. மேசைக்குப் பின்னால் இரண்டு சமாதான நீதவான்கள். இடப்பக்கம் இருந்த அம்மையார் இரக்கமானவர் என்று முகத்திலேயே தெரிந்தது. டயாலிசிஸுக்குப் போகிற முதியவர்கள் பின்வரிசை வாங்குப் பலகைகளில் இருந்தார்கள், கோர்ட் முடிந்து நேரே அங்கே போவதாக ஏற்பாடு. மறித்த இளம் அதிகாரியும் இருந்தார். பொலிஸ் தரப்புப் பெண்மணி எழுந்து, அரசாங்கத் தகடு மறைக்கப்படவில்லை, இது ஒரு பண்பாட்டு அலங்காரம் என்று ஃபையா ஒப்புக்கொண்டால் வழக்கைக் கைவிடத் தயார் என்றார். அலங்காரம் வானிலேயே இருக்கலாமாம். வாங்குகளில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

நீதவான் அம்மையார் சிரித்தபடி சொன்னார், "நாங்கள் இதை ஓர் அலங்காரமாக எடுத்துக்கொள்ளத் தயார்."

"விச் வீ?"

அம்மையார் திகைத்து, பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். "நானும் இவரும்."

"அப்ப சரி. உங்கட ரெண்டு பேருக்கும் அது அலங்காரம். எங்களுக்கு அது தகடு. தகடு வைச்சதுக்குத் தண்டம் போடுங்கோ, கட்டுறன். அலங்காரம் எண்டு மன்னிக்காதேங்கோ."

பொலிஸ் தரப்புப் பெண்மணி பொறுமையாக எடுத்துச் சொன்னார். அலங்காரம் என்றால் இருக்கலாம், தகடு என்றால் கழற்ற வேண்டும்.

"விளங்குது" என்றார் ஃபையா.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பரிசோதித்தபோது நான் பார்த்தது என்ன என்று அம்மையார் கேட்டார். முதலாளி சொன்னது காதில் இருந்தது. தம்பியின் முகம் எதிரில் இருந்தது. 'அலங்காரம்' என்று ஒரு சொல் சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தார், தேங்காயெண்ணெயும் கையுமாக.

"தகடு" என்றேன்.

"யாருடைய தகடு?"

"அவையளின்ர."

தீர்ப்பு சுருக்கமாகத்தான் இருந்தது. பதிவுத் தகட்டின் வடிவத்தில், அனுமதி இல்லாத இன்னொரு தகடு. தண்டம். தெருவில் இறங்குவதற்கு முன் கழற்ற வேண்டும்.

"அந்தச் சொல்லை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றார் ஃபையா.

அம்மையார் தாளைப் பார்த்து வாசித்தார். "தகடு."

ஃபையா பின்னால் திரும்பி, "கேட்டியளோ?" என்றார். வாங்கிலிருந்து ஒரு கிழவி மெல்லிய குரலில் பாட்டெடுத்தார். ஒருவர் பேசி முடித்தால் அவருக்குப் பின்பலமாகப் பாடுவது அவர்கள் வழக்கம். ஒவ்வொருவராக எழுந்தார்கள், ஊன்றுகோலோடு எழுந்தவர்களும் இருந்தார்கள். தம்பியும் எழுந்து பாடினார். நீதவான்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டு முடியும்வரை காத்திருந்தார்கள். எனக்குப் புல்லரித்தது. தோற்ற வழக்கு ஒன்றில் அவ்வளவு பெருமையோடு நின்ற கூட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ஃபையா ஸ்பானர் எடுத்துத் தகட்டைக் கழற்றினார். நான் உதவப் போனேன், விடவில்லை. "பூட்டினது நான்." கழற்றிய பிறகு பின்கதவில் நான்கு துளைகள் தெரிந்தன. துளை துருப்பிடிக்கும், ரப்பர் அடைப்பு போட வேண்டும் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அதைச் சொன்னதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் என் வாய்க்கு வேறொன்றும் வரவில்லை. ஃபையா தகட்டை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். முதன்முறையாகக் கண் கலங்கியிருந்தது.

தம்பி கிட்ட வந்தார். "தா இஞ்ச" என்று தகட்டை வாங்கினார். வானுக்குள் ஏறி, கடைசி இருக்கையில் பின்கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து, எழுத்து வெளியே தெரியும்படி தகட்டைக் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக் கேட்டார், "வானில போற ஆள் கையில ஒரு சாமான் வைச்சிருக்கக் கூடாதெண்டு சட்டம் இருக்கோ, இன்ஸ்பெக்டர்?"

ஃபையா என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பக்கக் கண்ணாடி ரெண்டும் சரியா இருக்கு, டிரைவருக்குப் பின்னால தெரியும்" என்றேன். "எனக்குத் தெரிய அப்பிடி ஒரு சட்டம் இல்லை."

ஃபையாவின் சிரிப்பு அந்தத் தரிப்பிடம் முழுக்கக் கேட்டது. என்னைக் கராஜில் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டார். நான் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சிகிச்சை நாளில் அவருக்கு உடம்பில் பலமிருக்காது. கொஞ்ச தூரத்திலேயே கை சரியத் தொடங்கியது. சிவப்பு விளக்கில் வான் நின்றபோது தகடு மெல்ல வழுகி அவர் மடிக்கு வந்துவிட்டது. பின்னால் நின்றது பொலிஸ் கார். கோர்ட்டிலிருந்து எங்களோடு வெளிக்கிட்ட அதே இளம் அதிகாரி.

"இன்ஸ்பெக்டர், பிடியும்" என்றார் ஃபையா முன்னிருக்கையிலிருந்து.

நான் தகட்டை எடுத்தேன், ஆனால் தயங்கினேன். "ஃபையா, இதில மாத்தோ எண்டெல்லோ எழுதியிருக்கு. அது நான் இல்லையே."

அவர் திரும்பினார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"மாத்தோ எண்டால் என்ன? கேக்கிற ஆளை விட்டிட்டு மற்ற எல்லாரும். இதை வாசிக்கிற ஆள் எங்க நிக்கிறார்?"

"பின்னால, காரில."

"நீர் எங்க இருக்கிறீர்?"

"உள்ளுக்கு."

"அப்ப பிடியும்."

கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன், தம்பி பிடித்ததைவிட ஒரு சாண் உயரத்தில். பின்னால் அந்த அதிகாரியின் உதடு அசைவது தெரிந்தது, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். விளக்குப் பச்சையாகியது.

"எங்கட!" என்றேன், வான் முழுக்கக் கேட்கும்படி.

எந்த நாங்கள் என்று ஃபையா கேட்கவில்லை.